பிளேரியோ இறங்கிய விதம்



இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்தான். அவசரத்தில் இருப்பவர்கள் எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை படியுங்கள்.

போன வாரம் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒருத்தி போன் பண்ணினாள். பெயர் போடக்கூடாது என்று உத்தரவு. அவள் மகன் விமானம் ஓட்டப் படிக்கிறான். பயிற்சி விமானத்தைத் தனியாக இறக்கும்போது பக்கவாட்டில் திடீர்க் காற்று அடித்து, ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லுக்குள் போய், முன்சக்கரம் மடங்கிவிட்டதாம். பையனுக்கு ஒரு கீறல் கூட இல்லை. ஆனால் பத்து நாளாக யாரோடும் பேசுவதில்லை, சாப்பாட்டுத் தட்டைக்கூட அறைக்குள் வாங்கிக்கொள்கிறான் என்றாள். "நீங்க ஏதாவது எழுதுங்க டீச்சர், உங்க பதிவெல்லாம் அவனும் படிப்பான்" என்றாள்.

எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. வரலாறு கொஞ்சம் தெரியும். அதனால் பிளேரியோவைப் பற்றி எழுதுகிறேன்.

லூயி பிளேரியோ, 1909, ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்த முதல் மனிதர். பொது அறிவுப் புத்தகங்களில் இவ்வளவுதான் இருக்கும். நீங்களும் ஒரு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். அவர் எப்படிக் கிளம்பினார் என்பதை எழுதும் புத்தகங்கள்கூட, எப்படி இறங்கினார் என்பதை ஒரு வரியில் தாண்டிவிடும். விஷயமே அந்த இறங்குதலில்தான் இருக்கிறது.

பிளேரியோ 1872 ஜூலை 1 அன்று வட பிரான்சில் கம்ப்ரே என்ற ஊரில் பிறந்தவர். பொறியியல் படித்தவர். அந்தக் காலத்து மோட்டார் கார்களுக்கு அசிட்டிலீன் வாயுவில் எரியும் முகப்பு விளக்கு செய்து விற்று நல்ல பணம் சம்பாதித்தார். அந்தப் பணத்தையெல்லாம் விமானம் கட்டுவதில் கரைத்தார். ஒன்று கட்டுவார், பறக்காது. இன்னொன்று கட்டுவார், பறந்து விழும். 1909-இல் அவர் கையில் இருந்தது பதினோராவது மாதிரி. அதனால்தான் அதற்குப் 'பிளேரியோ 11' என்று பெயர். முந்தைய பத்தும் என்ன ஆயின என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரி ஆலிஸ் எவ்வளவு பொறுமைசாலியாக இருந்திருக்க வேண்டும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

லண்டனின் 'டெய்லி மெயில்' பத்திரிகை கால்வாயை விமானத்தில் கடப்பவருக்கு 1,000 பவுண்டு பரிசு அறிவித்திருந்தது. சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில் பறக்க வேண்டும் என்பது நிபந்தனை. மூன்று பேர் பிரெஞ்சுக் கரையில் வந்து காத்திருந்தார்கள். யூபேர் லாத்தம் ஜூலை 19 அன்றே கிளம்பி, நடுவழியில் இன்ஜின் நின்று கடலில் இறங்கிவிட்டார். மிதந்துகொண்டிருந்த விமானத்தின் மேல் உட்கார்ந்து, மீட்க வந்த கப்பல் சேரும்வரை சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாராம். லாம்பேர் பிரபு என்பவர் ரைட் சகோதரர்களின் விமானத்தோடு வந்தார். ஒத்திகையிலேயே அது உடைந்தது. மூன்றாவது ஆள் நம் பிளேரியோ. அவருக்கோ அதற்கு முந்தைய ஒரு பறத்தலில் இன்ஜின் புகைக்குழாய் சூட்டில் பாதம் வெந்துபோய், ஊன்றுகோலில் நடந்துகொண்டிருந்தார்.

இதற்கிடையில் காற்று. பல நாள் நிற்காமல் வீசியது. தேதியைக் கவனியுங்கள், ஜூலை கடைசி வாரம். நம் கணக்கில் ஆடி மாதம். அம்மியைப் பறக்க வைக்கும் காற்று நமக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காற்று சற்று அடங்கியது. நண்பர் லெப்லாங்க் பிளேரியோவை எழுப்பிவிட்டார். சில கிலோமீட்டர் தள்ளியிருந்த முகாமில் லாத்தம் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் ஆட்கள் விழித்துத் தயாரானபோது காற்று மறுபடி எழும்பிவிட்டது, கிளம்ப முடியவில்லை. 4.41 மணிக்கு, சூரியன் உதித்ததும், கலே அருகே லெ பராக் என்ற இடத்திலிருந்து பிளேரியோ கிளம்பினார்.

அந்த விமானத்தை ஒரு நிமிடம் கற்பனை செய்து பாருங்கள். இறக்கை முனைக்கு முனை 8 மீட்டர் கூட இல்லை, நம் பழைய வகுப்பறையின் நீளம்தான். மரச்சட்டம், துணி, கம்பி. மூன்று சிலிண்டர் அன்சானி இன்ஜின், 25 குதிரைத்திறன். இன்று தெருவில் ஓடும் நடுத்தர மோட்டார் சைக்கிளுக்கே அவ்வளவு சக்தி உண்டு. திசைகாட்டி இல்லை. வேகம் காட்டும் கருவி இல்லை. வழித்துணைக்கு 'எஸ்கோப்பெத்' என்ற போர்க்கப்பல் போனது, அதில் ஆலிஸும் இருந்தார். பிளேரியோ கப்பலை முந்திவிட்டார். பிறகு பத்து நிமிடம் போல, முன்னாலும் பின்னாலும் கரை தெரியாமல், எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியாமல் பறந்திருக்கிறார்.

இங்கிலாந்தின் வெள்ளைப் பாறைகள் கண்ணில் பட்டபோது, அவர் போக வேண்டிய டோவர் இடது பக்கம் தள்ளி இருந்தது. தென்மேற்கிலிருந்து வீசிய காற்று அவரைச் செயின்ட் மார்கரெட் வளைகுடாப் பக்கம் ஒதுக்கியிருந்தது. கரையை ஒட்டியே காற்றை எதிர்த்துத் திரும்பினார். டோவர் கோட்டைக்குப் பின்னால், பாறைச் சுவர் தாழ்ந்திருக்கும் ஓர் இடைவெளியில், நார்த்ஃபால் என்ற புல்வெளி. 'ல மத்தேன்' பத்திரிகை நிருபர் ஷார்ல் ஃபோந்தேன் முன்கூட்டியே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே நின்று பெரிய பிரெஞ்சுக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தார்.

பாறைச் சுவருக்கு இடையே காற்று எப்படி இருக்கும்? இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே உள்ள சந்தில் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கணம் முகத்தில், மறுகணம் முதுகில், பிறகு ஒன்றுமே இல்லை. பிளேரியோ உள்ளே நுழைந்ததும் காற்று விமானத்தைச் சுழற்றியது. உயரத்தைக் குறைக்க வட்டமடித்துப் பார்த்தார். சரிப்படவில்லை. சுமார் 20 மீட்டர் உயரத்தில் இன்ஜினை நிறுத்திவிட்டார். விமானம் பொத்தென்று விழுந்தது. சக்கரச் சட்டம் நொறுங்கியது. ப்ரொப்பெல்லரின் ஓர் அலகு தெறித்துப் போனது. பறந்த நேரம் 36 நிமிடம் 30 விநாடி. உலகம் முழுக்கப் பாராட்டிய அந்தப் பயணம், இன்றைய கணக்கில் ஒரு தரையிறங்கும் விபத்து. புகைப்படங்களில் விமானம் வயிற்றைத் தரையில் வைத்துக் கிடப்பதைப் பார்க்கலாம்.

ஏன் பொத்தென்று விழுந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். டீச்சர் புத்தி போகாது, மன்னியுங்கள்.

விமானத்தைத் தாங்குவது தரையின் மேல் அது போகும் வேகம் அல்ல, இறக்கையைத் தாண்டிக் காற்று போகும் வேகம். மணிக்கு 70 கிலோமீட்டர் காற்று வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று 20 அடிக்கிறது, விமானம் தரைக்கு 50-இல் போகிறது. கூட்டினால் 70, சரியாக இருக்கிறது. அந்த 20 திடீரென்று நின்றுவிட்டால்? விமானத்துக்கு எடை உண்டு, நொடியில் வேகம் கூட்ட முடியாது. இறக்கைக்குக் கிடைப்பது 50 மட்டுமே. பட்டம் விடும்போது காற்று சட்டென்று ஓய்ந்தால் பட்டம் தொப்பென்று இறங்குமே, அதேதான். உயரத்தில் இருந்தால் சமாளிக்கலாம். தரைக்குப் பக்கத்தில் இருந்தால் சமாளிக்க இடம் இல்லை.

இது நேர்க்காற்றின் கதை. குறுக்குக்காற்று வேறு வம்பு. காவிரியில் பரிசல் கடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேர் எதிரே உள்ள துறைக்குப் போக வேண்டுமென்றால் ஓட்டுகிறவர் நீரோட்டத்தை எதிர்த்து மேல்பக்கமாகத் துடுப்புப் போடுவார். விமானமும் அப்படித்தான். மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு ஓடுபாதையை நோக்கி ஒருக்களித்து வரும். விமானிகள் இதை நண்டு நடை என்கிறார்கள், பொருத்தமான பெயர். ஆனால் நண்டு நடையிலேயே தரையைத் தொட்டால் சக்கரம் பக்கவாட்டில் இழுபடும். ஆகவே கடைசி விநாடியில் சுக்கானை மிதித்து மூக்கை நேராக்க வேண்டும். நேராக்கியதும் காற்று விமானத்தை ஓரமாகத் தள்ள ஆரம்பிக்கும். அதைத் தடுக்கக் காற்றுப் பக்கத்து இறக்கையைச் சற்றுத் தாழ்த்தி, அந்தப் பக்கச் சக்கரத்தை முதலில் வைக்க வேண்டும். காற்று ஒரே சீராக அடித்தால் இதைப் பழகிக்கொள்ளலாம். விட்டு விட்டு அடித்தால், எவ்வளவு மிதிக்க வேண்டும், எவ்வளவு சாய்க்க வேண்டும் என்ற கணக்கு நொடிக்கு நொடி மாறும்.

இறங்கிய பிறகும் முடிவதில்லை. செங்குத்தாக நிற்கும் வாலைக் காற்று தள்ளும், மூக்கு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். கூரைமேல் வைக்கும் காற்றுத்திசை காட்டும் சேவலைப் போல. வேகம் குறையக் குறையச் சுக்கானுக்குப் பிடிமானமும் குறையும். "அப்பாடா, இறங்கியாச்சு" என்று மூச்சு விடும் அந்த நேரத்தில்தான் விமானம் பாதையை விட்டுப் போகும். தம்பி, நீ இதைப் படித்துக்கொண்டிருந்தால், உனக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். நீ என்னைவிட நன்றாக விளக்குவாய்.

பிளேரியோ இதையெல்லாம் யோசிக்காதவர் அல்ல. அவருடைய விமானத்தின் முன்சக்கரங்கள் இரண்டும், அலுவலக நாற்காலியின் அடிச்சக்கரம் போல, இழுபடும் பக்கம் தானாகத் திரும்பும். ஒருக்களித்து இறங்கினாலும் சக்கரம் ஓடும் திசைக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். 1909-இலேயே இந்த யோசனை! பல பத்தாண்டுகள் கழித்து அமெரிக்காவின் பி-52 என்ற ராட்சதக் குண்டுவீச்சு விமானத்துக்கு, மூக்கு ஒரு பக்கம் பார்க்க, சக்கரங்கள் ஓடுபாதையின் நேருக்குத் திரும்பிக்கொள்ளும்படி அமைத்தார்கள். ஆனால் டோவரில் பிளேரியோவின் விமானம் பக்கவாட்டில் இழுபடவில்லை, மேலிருந்து விழுந்தது. பக்கக் காற்றுக்கென்று அவர் யோசித்து வைத்தது அன்று உதவவில்லை.

அவர் காலத்தில் இறங்கும் இடம் என்றால் பெரிய புல்வெளி. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அந்தப் பக்கம் பார்த்து இறங்கலாம். கம்பத்தில் கட்டிய துணிக்குழாயைப் பார்த்தால் போதும். விமானங்கள் கனத்த பிறகு புல்லில் புதைய ஆரம்பித்தன. சிமெண்ட் ஓடுபாதை வந்தது. பாதை வந்ததும், காற்று தன் இஷ்டத்துக்கு வர, விமானம் பாதையின் இஷ்டத்துக்கு இறங்க வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் குண்டுவீச்சு விமானத் தளங்களை அமைத்தபோது, ஒன்றையொன்று 60 பாகையில் வெட்டும் மூன்று ஓடுபாதைகள் போட்டார்கள். கணக்கு பிடித்தவர்கள் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு பாதையிலும் இரு பக்கமிருந்தும் இறங்கலாம் என்பதால் ஆறு திசைகள். காற்று எங்கிருந்து வந்தாலும் ஏதாவது ஒரு பாதையிலிருந்து 30 பாகைக்கு மேல் விலகாது. 30 பாகை விலகினால் குறுக்கே தாக்கும் பங்கு காற்றின் வேகத்தில் சரிபாதி. அழகான ஏற்பாடு. போருக்குப் பின் இன்னும் நீளமான பாதைகள் தேவைப்பட்டன, மூன்று போட இடமும் பணமும் இல்லை, பெரும்பாலான ஊர்களில் ஒன்றே ஒன்று என்றாகிவிட்டது. நம் சென்னை மீனம்பாக்கத்தில் ஒன்றையொன்று வெட்டும் இரண்டு பாதைகள் உண்டு. அடுத்தமுறை போகும்போது ஜன்னல் வழியே பாருங்கள்.

இன்றைக்குப் பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172 விமானத்தின் கையேட்டில் குறுக்குக்காற்று 15 நாட் என்று போட்டிருக்கும். மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். அது விமானத்தின் எல்லை அல்ல, தயாரிப்பாளரின் சோதனை விமானி அந்தக் காற்றில் இறக்கிக் காட்டினார் என்பதற்கான குறிப்பு. சோதனை விமானிக்கு இருக்கும் கை, பழகுகிறவனுக்கு முதல் மாதத்திலேயே வந்துவிடாது.

டோவருக்கு வருவோம். விழுந்த விமானத்திலிருந்து பிளேரியோ நொண்டிக்கொண்டே இறங்கினார். சுங்க அதிகாரிகள் வந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வானத்தில் வருகிறவருக்கு என்ன படிவம் நிரப்புவது? கப்பல் தலைவனுக்கான படிவத்தை எடுத்து, இவரை ஒரு கலத்தின் தலைவராக எழுதி, தொற்றுநோய் எதுவும் இல்லை என்று சான்றளித்து அனுப்பினார்கள். அரசு அலுவலகம் எங்கும் அரசு அலுவலகம்தான்! உடைந்த விமானத்தை லண்டனில் செல்ஃப்ரிட்ஜ் கடையில் வைத்தார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். லாத்தம் இரண்டு நாள் கழித்து மறுபடி முயன்று டோவருக்கு மிக அருகே கடலில் விழுந்தார், பாவம். அதே மாதிரி விமானம் வேண்டுமென்று பிளேரியோவுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்டர்கள் குவிந்தன. கடனில் மூழ்க இருந்த மனிதர் தொழிலதிபர் ஆனார்.

இங்கேயே நிறுத்திவிட்டால் சுபம் போட்டுவிடலாம். பல புத்தகங்கள் அப்படித்தான் செய்கின்றன. எனக்கு இதற்கு அடுத்த அத்தியாயம்தான் முக்கியமாகப் படுகிறது.

அந்த வருடம் முழுக்க பிளேரியோவை ஊர் ஊராக அழைத்தார்கள். பறந்து காட்டச் சொன்னார்கள். டிசம்பர் 12 அன்று இஸ்தான்புல். அன்று காற்று மோசம், விட்டு விட்டு வேகமாக அடித்தது. கிளம்பக்கூடாத நாள். ஆனால் கூட்டம் காத்திருந்தது. நேரம் ஆக ஆகப் பொறுமை இழந்து சத்தம் போட ஆரம்பித்தது. கூட்டத்தைச் சமாதானப்படுத்த பிளேரியோ ஏறினார். காற்று அவரை ஒரு வீட்டுக் கூரைமேல் கொண்டுபோய் மோதியது. விலா எலும்புகள் முறிந்தன, உள்காயம், மூன்று வாரம் ஆஸ்பத்திரி.

டோவரில் காற்றோடு மட்டும்தான் மல்லுக்கட்டினார். இஸ்தான்புல்லில் காற்றோடு கைதட்டலும் சேர்ந்துகொண்டது. முன்னதை நான் விபத்து என்பேன். பின்னதற்கு அந்த மைதானத்தில் கூச்சல் போட்ட ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு. பிள்ளை விமானம் ஓட்டுகிறான் என்று ஊரெல்லாம் போட்டோ அனுப்புகிற நம் வீட்டுப் பெரியவர்களும் (என் உறவுக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்) இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். "எப்போ சோலோ முடிப்பே, எப்போ லைசென்ஸ் வரும்" என்று வாராவாரம் கேட்பதும் ஒருவகைக் கூச்சல்தான். காற்று சரியில்லை, இன்று ஏறவில்லை என்றோ, பாதிவரை இறங்கிவிட்டு, சரிவரவில்லை, மறுபடி மேலே ஏறிச் சுற்றி வருகிறேன் என்றோ பிள்ளை சொன்னால், அந்த வாரம் ஒரு படி பாயசம் வையுங்கள்.

இஸ்தான்புல்லுக்குப் பிறகு பிளேரியோ போட்டிகளில் பறப்பதை விட்டுவிட்டார். அப்போது வயது 37. விமானத்தை விடவில்லை. தொழிற்சாலை நடத்தினார், பறக்கும் பள்ளிகள் நடத்தினார். முதல் உலகப்போரில் புகழ்பெற்ற ஸ்பாட் விமானங்கள் அவருடைய நிறுவனத்தில் உருவானவை. அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்து 1927-இல் லிண்ட்பெர்க் பாரிஸ் வந்தபோது வரவேற்றவர்களில் அவரும் ஒருவர். 1936 ஆகஸ்டில் காலமானார்.

அந்த விமானம் பாரிஸில் கலை, தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் தொங்குகிறது. டோவரில் நார்த்ஃபால் புல்வெளி இருந்த இடத்தில் இப்போது மரங்கள் வளர்ந்துவிட்டன. நடுவே ஒரு வெட்டவெளியில், அவர் விழுந்த இடத்தில், விமானத்தின் உருவத்தைக் கருங்கற்களால் தரையில் பதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் இருக்கும் நம் பள்ளிப் பிள்ளைகள் யாராவது அந்தப் பக்கம் போனால், ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.